முகம் காட்டும் மாடி

பிப்ரவரி 3

அன்புள்ள முழக்கோலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் மனைவிக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா? நீ எப்படி இருக்கிறாய்?

கடையைத் திறந்துவிட்டேன். பதினோரு வருஷம் இன்னொருவர் ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் முகத்து மச்சத்தையும் தழும்பையும் நெகட்டிவில் பென்சிலால் மறைத்துக்கொண்டிருந்தவள், இப்போது சொந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். ஈயாவது வருகிறதே என்று சந்தோஷம்.

இடத்தைச் சொல்கிறேன். கீழே பூட்டு சாவிக் கடை. அதை ஒட்டி இருபத்திரண்டு படி. ஏறினால் நீளமான ஓர் அறை, கூரையில் பாதி கண்ணாடி. முன்பு யாரோ படம் வரைய வைத்திருந்தார்களாம். காலையில் விசேஷமாக ஒன்றுமில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வெள்ளைத் திரை வழியாக மெல்ல இறங்கி, தண்ணீரில் பால் கலந்தாற்போல அறை முழுக்க நிற்கும். அந்த நேரத்தில் நாற்காலியில் ஒரு கைக்குட்டையைப் போட்டு வைத்தால்கூட அது எதையோ நினைத்துக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. இந்த வெளிச்சத்தில் ஒரு முகம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம்தான் வரவில்லை.

மூன்று வாரத்தில் ஒன்பது பேர். ஏழு பேர் அடையாள அட்டைக்கு. ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இன்னொருவர் பல் டாக்டர் வீடு என்று நினைத்து ஏறிவிட்டார்.

வழி கேட்க வந்தவனுக்கு ஜன்னல் திரை விற்று அனுப்பினவன் நீ. உங்கள் ஜவுளிக்கடையில் உன் நாக்குக்குத் தனிச் சம்பளமே தரலாம். நீதான் சொல்ல வேண்டும், ஆட்களை எப்படி மாடி ஏற்றுவது? இது நடக்கவில்லை என்றால் நான் திரும்பப் போய் அந்தப் பின்னறையில் பென்சிலைப் பிடிக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

துணி அளக்கும்போது இன்னும் விசில் அடிக்கிறாயா?

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள போட்டோக்கார அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, இருமினவள் நன்றாக இருக்கிறாள். எனக்கு என்ன கேடு? நாள் முழுக்க நின்று, நாள் முழுக்கப் பேசி, நாள் முழுக்க விசில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. கடை ஆரம்பித்தவர்கள் முதலில் மறப்பது அதைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனங்களுக்குப் படியைக் கண்டால் பயம். மேலே போய்விட்டு வேண்டாம் என்று இறங்கி வருவது பெரிய வெட்கம். அதனால் ஏறவே மாட்டார்கள். உன் வெளிச்சத்தைக் கீழே கொண்டுவர முடியாது, படத்தைக் கொண்டுவரலாம். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த முகங்களாகப் பார்த்துப் பிடி. பூட்டுக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், தபால்காரர். அவர்களைக் கையைக் காலைப் பிடித்தாவது உட்கார வைத்து எடு. படி ஆரம்பிக்கிற இடத்தில் மாட்டு. தெரியாத அழகியின் படத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். தெரிந்த தபால்காரர் படத்தை நின்று பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், நாலு பேரைக் கூட்டி வந்து காட்டுவார்கள். நின்றவன் பாதி வாங்கினவன் என்பது எங்கள் கடைச் சட்டம்.

நடுப்படியில் ஒரு நாற்காலி போடு. மூச்சு வாங்க உட்காருகிறவன் கீழே இறங்க மாட்டான்.

இன்னொரு சேதி. எங்கள் கடையின் மேல் மாடியில் புதிதாக ஒரு பிரிவு திறக்கிறார்கள். அதற்கு என்னைத் தலைவனாகப் போடப் போவதாக முதலாளி ஜாடையாகச் சொன்னார். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். ஜாடையோடு நின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

தம்பி, முழக்கோல்


மார்ச் 9

அன்புள்ள முழக்கோலுக்கு,

நலமா? பதவி வந்துவிட்டதா, இல்லை ஜாடையிலேயே இருக்கிறதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். வேளையைத் தவிர வேறு ஒன்றும் வருவதில்லை என்பதால் அது சுலபம்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். பூட்டுக்கடைக்காரர் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். சாவித் துவாரத்தைப் பார்த்துப் பார்த்து அப்படியே பழகிவிட்டதாம். தபால்காரர் பையைக் கழற்ற மாட்டேன் என்றார். எடுத்து மாட்டினேன். நீ சொன்னது அப்படியே நடந்தது. தெருவே நின்று பார்க்கிறது, சிரிக்கிறது, குறை சொல்கிறது. நடுப்படி நாற்காலி வரைக்கும்கூட ஏறி வருகிறார்கள். அதற்கு மேல் ஒருவரும் அசைவதில்லை. கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: "என் மூஞ்சிக்குப் போட்டோ ஒண்ணுதான் குறைச்சல்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அவர்கள் பயப்படுவது படிக்கு இல்லை, சொந்த முகத்துக்கு. என் கையில்தான் பதினோரு வருஷப் பென்சில் இருக்கிறதே. பெயின்டரைக் கூப்பிட்டு வாசலில் பெரிய பலகை ஒன்று எழுதி மாட்டிவிட்டேன். கேள்:

"கோணல் முகமும் நேராகும். மச்சம், தழும்பு, மாறுகண், எதுவானாலும் கவலை வேண்டாம். மாடிக்கு வாருங்கள்."

ஒரே வாரத்தில் ஐந்து பேர். பலகையைப் படிக்கும்போது அவர்கள் கை தானாக முகத்துக்குப் போவதை மேலே இருந்து பார்க்கிறேன். எப்படி என் மூளை? உன் அக்காவாக்கும்.

உன் அபிப்பிராயத்தை உடனே எழுது. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நான் நலம். எழுதி நாலு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மேல் மாடிக்குப் போனதும் அக்காவைக் கீழே விட்டுவிட்டாயா?

பலகை பற்றி நீ ஒன்றும் சொல்லாதது ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கும் இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. ஒரு லாரி டிரைவர் வந்தார். எந்தக் காலத்திலோ உடைந்து ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. நேராக்கிக் கொடுத்தேன், நல்ல வேலை, நானே மெச்சிக்கொண்டேன். அவர் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "என் பொண்ணு இது யாருன்னு கேக்குது" என்றார். கோபப்படவில்லை. சங்கடத்தோடு சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அந்தப் படத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது யாருடைய படமும் இல்லை.

அந்த ஐந்து பேருக்குப் பிறகு பெரிதாக யாரும் வரவில்லை. இரண்டு வரி எழுது. உடம்பு சரியில்லையா?

உன் அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே எல்லாரும் நலம். கடையில் வேலை மாறியதால் எழுத முடியவில்லை. இப்போது நான் குடோனில் இருக்கிறேன். சரக்கு வருவது, அடுக்குவது, கணக்கெடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பொறுப்பு கூடியிருக்கிறது.

அந்தப் பலகையை எடுத்துவிடு.

ஏன் என்று கேட்காதே. வியாபாரத்துக்காகச் சொல்வதாகவே வைத்துக்கொள். நிஜமாகவே கோணல் முகம் உள்ள ஒருவன் தெருவில் வருகிறான் என்று வை. உன் பலகையைத் தூரத்திலேயே படித்துவிடுவான். படித்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பான். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே வர மாட்டான். அவனை நீ மேலே இருந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய்.

அறையில் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் கழற்று. யாரையும் சிரி என்று சொல்லாதே. அது முடியாத ஆளாக இருக்கலாம். வந்தவரை நேரே பார்த்துப் பேசாதே, பக்கவாட்டில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். கேமராவை மூடியே வை. கால் மணி, அரை மணி, எவ்வளவு நேரமானாலும் சரி. தன் முகத்தை ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தால்தான் ஒருவன் அதைக் கீழே இறக்கி வைப்பான். அதுவரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருப்பான். அக்கா, அது ரொம்பக் கனம்.

கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வடிகிறது, குடோன் தூசி. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 12

அன்புள்ள முழக்கோலுக்கு,

கண் சரியானதா? வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி எடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நாளாக மனசுகூட நன்றாக இருக்கிறது.

பலகையை அன்றே கழற்றினேன். கண்ணாடியை டார்க் ரூமில் வைத்துவிட்டேன், இருட்டில் அது யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். அடையாள அட்டைக்குப் படம். இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவர், சட்டைப் பையில் டிக்கெட் கிழிசல்கள். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நீ சொன்னபடி நான் பக்கவாட்டில் உட்கார்ந்து பிரிண்டுகளுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பேசவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டார். இரண்டரை மணி. வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. அவர் தலை மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து, தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி ஒரு முகம். எழுப்ப மனம் வரவில்லை. அறையில் கத்தரி ஓசையும் அவர் மூச்சும்தான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்கே தெரியாது, நானும் பாதி தூக்கத்தில்தான் இருந்தேன் போல.

பிறகு அவராகக் கண்ணைத் திறந்தார். எந்த ஊர், எந்த நாள் என்று தெரியாத ஒரு பார்வை. யாருக்காகவும் தயார் செய்யாத முகம். அந்த நேரத்தில் ஷட்டரை அழுத்தினேன். அவருக்கு அழுத்தியதே தெரியவில்லை. "கனவுல பஸ்ஸு தண்ணி மேல போச்சுங்க. ஒருத்தரும் டிக்கெட் கேக்கல" என்றார்.

அந்தப் படம் அட்டைக்கு ஆகாது. வேறொன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, இதைச் சும்மா ஒரு பிரிண்ட் போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் அவர் மனைவி மூச்சிரைக்க ஏறி வந்தாள். "இந்த முகத்தைக் காலைல எழுப்பறப்போ நான் மட்டும்தான் பார்ப்பேன். உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டாள். அடிக்க வந்திருக்கிறாளோ என்று பயந்தேன். பெரிதாக ஒன்று வேண்டுமாம்.

பிறகு அவள் தங்கை வந்தாள், பிறகு டிப்போவிலிருந்து ஆறு பேர், பிறகு ஆஸ்பத்திரி நர்ஸ்கள். 'அந்த மாடிக்குப் போனா தூக்கம் வரும், முழிக்கிறப்போ படம் எடுத்துடுவாங்க' என்று பேச்சாகிவிட்டது. தூங்காதவர்களும் உண்டு. அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு எங்கோ போய்த் திரும்புவார்கள். திரும்பி வருகிற இடத்தில் நான் நிற்கிறேன், அவ்வளவுதான். இத்தனையும் உன் யோசனை.

ஒன்று கேட்கிறேன். பேசிப் பிழைக்கிற உன்னை எதற்குக் குடோனில் போட்டார்கள்? துணிச் சுருளிடம் பேசவா? உன் படம் ஒன்று அனுப்பு. மாடியில் ஊரார் முகமெல்லாம் இருக்கிறது, தம்பி முகம் இல்லை.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தரம் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர் கனவில் பஸ் தண்ணீர் மேல் போன இடத்தில் இவள் சமையலை விட்டுவிட்டு வந்து நின்றாள். நீ நன்றாகத் தூங்கு, ஊரைத் தூங்க வைக்கிறவள் முழித்துக் கிடக்காதே.

குடோன் மோசமில்லை. உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம். காலையில் நீலச் சுருள்கள் மேல் விழும். மத்தியானம் வெள்ளைக்கு வரும். சாயங்காலம் கறுப்புத் துணிகளிடம் போய் முடிந்துவிடும். நடுவில் உட்கார்ந்திருந்தால் மூடின கண்ணுக்குள்ளே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. துணிச் சுருள்களிடம் பேசுவதில்லை. அவையும் என்னைப் பார்ப்பதில்லை. நல்ல ஏற்பாடு.

படம் எதற்கு? கேமரா உடைந்தால் வேறு வாங்க வேண்டும்.

இங்கே தெரிந்த ஆள் ஒருவர் கேட்டார், உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். முகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்ட விருப்பமில்லாத ஒருவர் வந்தால் விளக்கை எந்தப் பக்கம் வைப்பாய்? அவசரமில்லை, எப்போதாவது எழுது.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் மாதிரி வாங்கியிருக்கிறார். மூன்று மாதம் பொறுத்தேன். இனிமேல் முடியவில்லை.

மார்ச் எட்டாம் தேதி காலையில் வாய் கொப்பளித்தார், தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகிவிட்டது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். முகத்தின் இடது பக்கம் அப்படியே நின்றுபோயிருந்தது. கண் மூடவில்லை. உதடு வலது பக்கமாக இழுத்திருந்தது. டாக்டர் முகவாதம் என்றார். உயிருக்கு ஒன்றும் இல்லை, பலருக்குத் தானாகவே சரியாகும், சிலருக்கு நாளாகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும் என்றார். இப்போது கண் முக்கால்வாசி மூடுகிறது. உதடு முழுசாகத் திரும்பவில்லை. விசில் வரவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. "சரியாகிற வரைக்கும் பின்னாடி இருங்க, வர்றவங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க" என்றார். இவர் தலையாட்டிவிட்டுக் குடோனுக்குப் போய்விட்டார். மேல் மாடிக்கு வேறொருவரைப் போட்டாயிற்று.

நாலாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. பலகை எழுதினதைப் பற்றி. படித்துவிட்டு மடித்து வைத்தார். உங்களுக்குத் தெரியாது அண்ணி, தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்களா? அவருக்கும் அது தெரியும். ஆனால் அன்றையிலிருந்து என்னிடம் பேசும்போதுகூட ஒரு கை கன்னத்தில் இருக்கிறது.

உங்கள் கடிதம் வருகிற நாளில் மட்டும் பழைய மனுஷன். சத்தமாகப் படிக்கிறார். உங்கள் ஸ்டூடியோவுக்கு யோசனை சொல்வதற்காகவே சில நாள் எழுந்திருக்கிறாரோ என்று தோன்றுகிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, உங்கள் தம்பி மனைவி


ஜூன் 19

அன்புள்ள முழக்கோலுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்த வரியை எழுதும்போது நிஜமாகவே நினைத்துக்கொள்கிறேன். வழக்கமாக நினைக்காமல் எழுதிவிடுவேன்.

விளக்கு பற்றிக் கேட்டிருந்தாய். உன் தெரிந்தவரிடம் சொல், நான் விளக்கே வைப்பதில்லை. வெளிச்சம் கூரையிலிருந்து வருகிறது, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி விழும். பென்சிலையும் தூக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். அவருக்கு எப்போது வசதியோ அப்போது வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பலகையை எழுதினதற்காக நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்கத் தெரியவில்லை.

இப்போது வியாபாரம். எனக்கு அவசரமாக உன் உதவி வேண்டும். கூட்டம் அதிகம். போன வாரம் யார் வந்தார் தெரியுமா? என் பழைய முதலாளி. பின்னறைக்குத் திரும்பி வரச் சொல்லத்தான் வந்தார். மேலே ஏறின களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த காரியத்தைச் சொல்வதற்குள் தூங்கிவிட்டார். முழித்ததும் எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதனால் பின்னறை விஷயம் முடிந்தது.

ஆனால் படியில் காத்திருப்பவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நான் மேலே ஒருவரோடு மௌனமாக இருக்கும்போது கீழே அவர்களோடு பேச ஆளில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் தைரியம் ஆவியாகிவிடும். பேசத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு பத்து நாள் லீவு போட்டுவிட்டு வா. படியில் வெளிச்சம் குறைவுதான், நடுப்படியில் நாற்காலி இருக்கிறது.

உன் அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று தெரிகிறது. இவளுக்கும் நலம்தான், உனக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு.

ஆமாம், கண்டுபிடித்துவிட்டேன். எதையும் மூன்று தரம் கேட்காமல் நீ விட்டதே இல்லை. உன் போன கடிதத்தில் குடோன் என்ற வார்த்தையே இல்லை, படம் அனுப்பு என்று இல்லை. அக்கா கேட்கவில்லை என்றால் அக்காவுக்குத் தெரியும் என்று அர்த்தம். இவளிடம் கேட்டேன். இரண்டு நிமிஷம் மறைத்துப் பார்த்தாள், பிறகு அழுதாள். நான் கோபப்படவில்லை. கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது.

நானே ஒரு தரம் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் கணக்குத் தீரும். எனக்கு முகவாதம் வந்தது. இடது பக்கம். பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, மீதி தெரியாது. சிரித்தால் கோணும். எழுதிவிட்டேன் பார், பேனா ஒன்றும் உடையவில்லை.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளுக்குச் சேதி வந்து சேர்ந்தது. அவர் அதை அப்போதே விட்டுவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அது முழு உண்மை இல்லை, ஏப்ரல் கடைசியில்தான் விட்டார்.

ஒரு நிபந்தனையோடு வருகிறேன். கேமரா என் பக்கம் திரும்பக் கூடாது. நடுப்படியில் உட்கார்ந்து பேசுவேன், அவ்வளவுதான். இருபதாம் தேதி சாயங்கால ரயில். ஸ்டேஷனுக்கு வராதே, நானே வந்துவிடுவேன். நீ வந்தால் பிளாட்பாரத்திலேயே அழுவாய்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

நீ சுகமா? உன் வீட்டுக்காரரைப் பத்திரமாக ரயில் ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். இரண்டு கிலோ எடை கூட்டி அனுப்பியிருக்கிறேன், குறைக்காமல் பார்த்துக்கொள்.

அவன் வந்து உன்னிடம் பாதிதான் சொல்வான். மீதியை நான் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் நடுப்படியில் கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் கைக்குட்டை மடிக்கு வந்தது. எனக்கு மேலே குரல் கேட்கும். வாசலில் தயங்கி நிற்கிறவரிடம் அவன் முகத்தைப் பற்றியே பேச மாட்டான். செருப்பு எங்கே வாங்கினது, சட்டைத் துணி என்ன நூல் என்று ஆரம்பிப்பான். அந்தப் பத்து நாளில் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. சில பேர் படம் எடுத்த பிறகும் படியை விட்டு இறங்காமல் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் நாள் தெருக்கோடி சலவைக்கடைக்கார அம்மா வந்தார். தெருவில் அவர் குரல் கேட்காத இடம் இல்லை. அப்பேர்ப்பட்டவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார். தூக்கமும் வரவில்லை. கடைசியில், "தனியா உக்காந்தா கோர்ட்ல நிக்கற மாதிரி இருக்கு. படியில இருக்கற தம்பியைக் கூப்பிடுங்க, பக்கத்துல உக்காரட்டும்" என்றார்.

நான் கூப்பிட்டேன். அவன் மேலே வந்து வாசலிலேயே நின்றான், முடியாது என்று தலையாட்டினான்.

"உங்க மூஞ்சியைப் பார்க்கவா நான் வந்தேன்? எனக்குத் துணைக்கு வாங்கன்னேன்" என்றார் அந்த அம்மா.

அவன் என்னைப் பார்த்தான். "அவங்களைத்தானே எடுக்கற?" என்று கேட்டான். அவங்களைத்தான் என்றேன். பெஞ்சு கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தான்.

இரண்டே முக்கால். நான் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சம் உனக்குத் தெரியாது, ஒருமுறை நீ வந்து பார்க்க வேண்டும். அதில் கொஞ்ச நேரம் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தெரிந்தவரா தெரியாதவரா என்பதே மறந்துவிடும். அந்த அம்மா மெதுவாக, யாரிடமும் இல்லாமல், ஒரு கனவைச் சொல்ல ஆரம்பித்தார். கொடியில் காய்கிற சட்டைகள் எல்லாம் தாமாகவே இறங்கி, உள்ளே ஆள் இல்லாமல், வரிசையாகத் தெருவில் வேலைக்குப் போகின்றனவாம். இவர் பின்னாலேயே ஓடிக் கூப்பிடுகிறாராம். கடைசிச் சட்டை மட்டும் திரும்பிப் பார்த்து, "காலருக்கு இன்னும் கொஞ்சம் கஞ்சி போடும்மா" என்றதாம்.

உன் புருஷன் சிரித்தான். கை கன்னத்துக்குப் போகவில்லை. முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது. மறுபக்கம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அழுத்தினேன்.

நிபந்தனையை மீறினேனா என்று கேட்டால், கேமராவை நான் திருப்பவில்லை. அவனாக வந்து அதன் முன்னால் உட்கார்ந்தான்.

மறுநாள் பிரிண்டைக் காட்டினேன். சலவைக்கடைக்காரருக்கே காலர் நேராக இல்லை என்று மட்டும் சொன்னான். அந்த அம்மா தன் பிரதியைக் கடையில் மாட்டியிருக்கிறார். பக்கத்தில் யார் என்று கேட்பவர்களிடம், 'எனக்குத் துணைக்கு வந்தவர்' என்கிறார்.

இதில் ஒரு புள்ளிகூடப் பென்சில் படவில்லை. உனக்கு ஒரு பிரதி அட்டை வைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அவனிடம் கேட்கவில்லை. கோபித்தால் என் தலையில் போடு.

அன்புடன், உன் அண்ணி


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ ஓய்வில்லாமல் வேலை செய்வதாகப் பூட்டுக்கடைக்காரர் எழுதியிருக்கிறார், அவரை ஒற்றனாக வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமையாவது படியில் கதவைச் சாத்து.

உன் பார்சல் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் இவள் படத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "யாரு இந்தம்மா, இவ்வளவு ஒட்டி உக்காந்திருக்கு?" என்று கேட்டாள். சலவைக்கடை என்றேன். "அதான் இவ்வளவு வெளுத்துச் சிரிக்கறீங்க" என்றாள். படம் கூடத்தில் இருக்கிறது. எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை, நானாக எடுக்கவும் இல்லை.

முகம் போன மாதம் இருந்த மாதிரிதான் இருக்கிறது. இதற்கு மேல் திரும்புமா என்று டாக்டருக்கும் தெரியாது.

திங்கள்கிழமை குடோன் வேலையை முடித்துவிட்டு முன்பக்கம் போனேன். நல்ல கூட்டம். திரைத்துணிப் பிரிவில் நிற்க ஆளில்லை, நின்றேன். முதலாளி தூரத்திலிருந்து பார்த்தார். "பின்னாடி வேலை இல்லையா?" என்றார். "முடிஞ்சுது. முன்னாடி இருக்கு" என்றேன். அவர் எதையோ சொல்ல வந்து, போன் மணி அடிக்கவே போய்விட்டார்.

ஒரு அம்மா வந்தார். துணியைத் தொட்டுக்கொண்டே நிமிர்ந்தவர் என் முகத்தில் நின்றுவிட்டார். ஐந்து மாதமாக நான் ஓடி ஒளிந்த பார்வை அதுதான். திரும்பிப் போய்விடலாம், குடோன் கதவு பத்தடி தூரம்தான்.

"முகவாதம்மா. மெதுவா சரியாகிட்டு வருது" என்றேன். "உங்க வீட்டு ஜன்னல் எத்தனை அடி?"

அவர் இன்னும் ஒரு நொடி பார்த்தார். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"மூணு ஜன்னல். ஒண்ணு மட்டும் கொஞ்சம் பெரிசு."

நான் துணியை விரித்தேன்.

உன் தம்பி